கீழ்க்குரல்

காவிரி பாய்கிற ஊரில் மே மாதம் தண்ணீருக்கு லாரி வரும் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மேட்டூர் திறக்கிற வரைக்கும் எங்கள் வாய்க்காலில் ஆடுதான் மேயும். அதனால்தான் எங்கள் கோவிலுக்குப் பின்னால், பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை ஒட்டி, ஒரு மழைநீர்த் தொட்டி இருக்கிறது. பூமிக்குள் பன்னிரண்டடி ஆழம். ஒரு ஆள் இறங்குகிற அளவுக்குச் சதுர வாய், அதற்கு இரும்பு மூடி, மூடிக்குத் தாழ்ப்பாள். கோவில் கூரையிலிருந்து ஒரு குழாய் சுவரோடு இறங்கி அதற்குள் போகிறது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள். இருந்தாலும் முறைப்படி எழுதிவிடுகிறேன்.

என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. முப்பத்தாறு வருடம் தபால் ஆபீசில் வேலை பார்த்தவன் நான். கையெழுத்து உங்களுக்குச் சிரமம் தராது.

என் பெயர் சவரிநாதன். வயது அறுபத்து மூன்று. எங்கள் கிறிஸ்தவக் கோவில் பங்கின் பாடற்குழுவை இருபத்தெட்டு வருடமாக நடத்துகிறேன். இசை வாரத்தைத் தொடங்கியதும் நான்தான். மே மாதத்தில் ஒரு வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை, கோவில் மைதானத்தில் நடக்கும். ஒரு நாள் பாபநாசத்து நாகஸ்வரம், ஒரு நாள் அய்யம்பேட்டை ஹபீப் முகம்மது அவர்களின் இஸ்லாமியப் பாடல்கள், ஒரு நாள் ஓதுவார் தேவாரம் பாடுவார். எல்லா மதத்தாரும் வந்து உட்காருவார்கள், எல்லோருக்கும் கோவிலில் சாப்பாடு. கடைசி நாள் நாற்பது பேர் மேடையேறிப் பாடும் பாட்டு நான் கட்டியது. முன்னால் நின்று தாளம் போட்டு நடத்துவதும் நான்தான்.

தமிழ்மாறன் அந்த நாற்பதில் ஒருவன். குத்தகை நிலத்தில் வெள்ளாமை செய்கிறவன். எங்கள் சமயம் இல்லை, ஆனால் இசை வாரத்தில் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அவனுடையது கீழ்க்குரல். மற்றவர்கள் மேலே போகும்போது அடியில் நின்று தாங்குகிற குரல் அது. கீழ்க்குரல் இல்லாவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும், இருக்கும்போது யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். என் மனைவி இறந்தபோது குழிமேட்டில் நின்று எனக்கு முன்னால் மண் தள்ளியவன் அவன். அவன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் தொட்டியைத் திறந்தோம். சாப்பாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், லாரி பத்து மணிக்கு வரும், அதற்குள் அடியில் கிடக்கிற சருகை அள்ள வேண்டும். அவன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஏணியில் இறங்கினான். மூன்று கூடை சருகு மேலே வந்தது. பிறகு உள்ளே நின்று ஒரு ஸ்வரத்தைப் பிடித்துப் பார்த்தான். தொட்டி முழுக்க முழங்கியது.

"அண்ணே, கேட்டீங்களா?" என்றான். கேட்டேன்.

"அண்ணே, ஒன்னு சொல்லணும். மேல வந்தா உங்க மூஞ்சியப் பாத்து சொல்ல தைரியம் வராது."

"சொல்லு மாறா."

"உங்க காது முன்ன மாதிரி இல்லண்ணே. பாட்டு போனதுக்கு அப்புறம் உங்க கை வருது. புள்ளைங்க உங்களப் பாக்கறதில்ல, வானதியத்தான் பாக்குதுங்க. இந்த வருசம் கடசிப் பாட்ட அதுவே நடத்தட்டும். நீங்க முன் வரிசையில உக்காந்து கேளுங்க. ஃபாதர்கிட்ட நானே பக்குவமா சொல்லிர்றேன்."

வானதி ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படிக்கிற பெண். நல்ல குரல். அவளைப் பற்றியும் எனக்குக் குறையில்லை.

நான் கோபப்படவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். அவன் அன்பாகத்தான் சொன்னான். தொட்டிக்குள்ளிருந்து வந்ததால் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த நேரம் பார்த்து முன்பக்கத்தில் சீரியல் லைட் கட்டுகிறவர்கள் ஏணி கேட்டுக் கை காட்டினார்கள். கோவிலில் இருப்பது ஒரே ஏணி. அதை மேலே தூக்கினேன்.

"அண்ணே, ஏணி?"

"லைட்டு கட்டணும்ல. பத்து நிமிஷம் இரு."

"சரிண்ணே" என்றான்.

திறந்த தொட்டியை விட்டுவிட்டுப் போக முடியாது. கோடை விடுமுறை, பிள்ளைகள் மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். அதனால் மூடியைப் போட்டேன். தாழ்ப்பாள் இல்லாத மூடியைப் பிள்ளைகள் தூக்கிப் பார்ப்பார்கள். அதனால் தாழ்ப்பாளும் போட்டேன். அவன் சட்டையை மடித்துப் பாடற்குழு அலமாரியில் வைத்தேன். பையில் இருந்த செல்போன் இரண்டு தடவை அடித்தது. நிகழ்ச்சி நடக்கிற இடத்தில் போன் அடிப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. அணைத்துவிட்டேன்.

லைட் கட்டி முடிக்கப் பத்தரை ஆகிவிட்டது. அதற்குள் லாரி வந்து நின்றது. தொட்டியில் வெடிப்பு இருக்கிறது, தண்ணீர் நிற்காது, பிளாஸ்டிக் டேங்குகளில் விட்டுக்கொள்வோம் என்று ஃபாதரிடம் சொன்னேன். தொட்டியை நிரப்ப நான் விடவில்லை. எனக்கு எதிராக எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

அன்று மாலை கொடியேற்றி, ஜெபம் சொல்லி, வாரத்தைத் தொடங்கினோம். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில், மேடைக்குப் பின்னால் இறங்குகிற அந்தக் குழாய் வழியாக, "அண்ணே, அண்ணே" என்று கேட்டது. அவன் அலறவில்லை. வயல் வரப்பில் போகிறவனைக் கூப்பிடுகிற மாதிரித்தான் கூப்பிட்டான். ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்லி ஒரு பெட்டியைப் பின்பக்கமாகத் திருப்பி வைக்கச் சொன்னேன். பின்னால் சமைக்கிறவர்களும் பாட்டுக் கேட்கட்டும் என்றேன். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவன் மனைவி பொன்னுத்தாய் வந்தாள்.

"அண்ணே, அவரு எங்கண்ணே? காலையில கோவிலுக்குன்னு வந்தவரு. போனும் போவல."

"நன்னிலத்துல ஒரு பழைய பவர் டில்லர் வெலைக்கு வருதாம், பாத்துட்டு வர்றேன்னு கெளம்பினானே. உன்கிட்ட சொல்லலையா?"

"எங்கிட்ட சொல்லாம அவரு எங்கயும் போவ மாட்டாரே." தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "நீங்க சொன்னா சரிண்ணே."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். நானே இலை போட்டுப் பரிமாறினேன்.

செவ்வாய்க்கிழமை காலைப் பூசை முடிந்து, ஆள் கலைந்த பிறகு, தொட்டிக்குப் போனேன். கையில் பாட்டுப் புத்தகம் இருந்தது. தண்ணீர் எடுத்துப் போகத் தோன்றவில்லை. மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரும்பு அந்த நேரத்திலேயே சுட்டது. என் காலடியை வைத்தே அவன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் காது எப்போதும் அப்படித்தான்.

"அண்ணே, ஃபாதர்கிட்ட நான் ஒன்னும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே."

குரல் வறண்டிருந்தது. அந்தக் குரலோடு ஞாயிற்றுக்கிழமை எப்படிப் பாடுவான் என்றுதான் எனக்கு முதலில் கவலை வந்தது. கடைசிப் பாட்டின் கீழ்க்குரலைப் பாடிக் காட்டச் சொன்னேன். அவன் திரும்பவும் தண்ணீர்தான் கேட்டான். மறுபடி சொன்னேன். பாடினான். நான் மூடியின்மேல் விரலால் தாளம் போட்டேன். மூன்று சரணமும் பாடினோம். நடுவில் இரண்டு தடவை இருமினான், ஆனால் சுருதி விலகவில்லை.

"தாளம் பிந்துதா, மாறா?"

"இல்லண்ணே. சரியா இருக்கு."

"நல்லாக் கேட்டுச் சொல்றியா?"

"சரியா இருக்குண்ணே. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். தெறந்து விடுங்கண்ணே."

எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. ஒரு மாதமாகக் கும்பகோணத்து டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். வலது காது முழுக்கப் போய்விட்டது, இடது காதும் பாதிதான் என்று அவர் ஒரு தாளில் கோடு கோடாக வரைந்து காட்டியிருந்தார். இப்போது விஷயம் தெரிந்த ஒருவன், சுருதி தவறாத ஒருவன், தாளம் சரி என்று சொல்லிவிட்டான். திறந்துவிட்டால் வெளியே வந்து வேறு மாதிரிச் சொல்வானோ என்று தோன்றியது. வெயிலில் வந்தவுடன் மனிதர்கள் மனசு மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் திறப்பது என்று முடிவு செய்தேன். அவனிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சொல்லாமல் வரவில்லை.

எழுந்து நடந்தபோது அவன் மறுபடி பாடத் தொடங்கியிருந்தான். ஒருவேளை அழுதிருக்கலாம். கீழ்க்குரலில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அன்று மாலை நாகஸ்வரக்காரர்கள் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தபோது வானதி என்னிடம் வந்தாள்.

"சார், பின்னாடி யாரோ முனகுற மாதிரி இல்ல?"

"எனக்கு ஒன்னும் கேக்கலையேம்மா" என்றேன். அவள் ஒரு மாதிரிச் சங்கடப்பட்டு, "ஆமா சார், இல்லதான்" என்று போய்விட்டாள். என் காதைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜெனரேட்டரை இழுத்துவந்து தொட்டி மூடிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கரண்ட் போகும் காலம், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

புதன்கிழமை பொன்னுத்தாய் பஸ் பிடித்து நன்னிலம் போய், டில்லர் விற்கிற வீடு எது என்று தெருத்தெருவாகக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். அன்று ஹபீப் முகம்மது அவர்களின் நாள். வந்த சேலையோடு முன் வரிசையில் உட்கார்ந்தாள். அவர் பாடுவதை நிறுத்தி, இந்த அம்மாவின் கணவர் நல்லபடியாக வீடு திரும்ப எல்லோரும் ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். ஜெனரேட்டர் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. மைதானமே ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிடத்தில் அவன் என் பாட்டின் முதல் வரியைத் தொட்டியின் அடியிலிருந்து எடுத்தான். மெதுவாக, தெளிவாக எடுத்தான். கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒருவர் முகத்திலும் மாற்றமில்லை. யாரும் கீழ்க்குரலைக் கவனிப்பதில்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை அவள் உங்கள் நிலையத்தில் புகார் கொடுத்தாள். ஏட்டு வந்து கேட்டார், அதே பதிலைச் சொன்னேன். என்னை நம்பியதில் அவர்மேல் தப்பில்லை. வெள்ளியும் சனியும் அவள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தாள். இங்கேயிருந்துதான் போனார், இங்கேதான் வருவார் என்றாளாம். அந்த இரண்டு நாளும் அவன் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. பகலில், சாப்பிடும்போது, வீட்டில் முகம் கழுவும்போதுகூடக் கேட்டது. வறட்சி போய்க் குரல் தெளிந்திருந்தது. ஓய்வு கிடைத்தால் எந்தக் குரலும் தெளியும்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பதுக்கு ஒருவர் குறைவாக மேடையேறினோம். நான் கையைத் தூக்கினேன். அந்தப் பாட்டு அதுபோல் எந்த வருடமும் அமைந்ததில்லை.

நீங்கள் ஒரு வீடியோவைக் காட்டினீர்கள். இரண்டாம் சரணத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக நிறுத்திவிடுகிறார்கள். வானதி என் முழங்கையைத் தொடுகிறாள். நான் மட்டும் கடைசிவரை கையை வீசிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் வணங்குகிறேன். யாரும் கைதட்டவில்லை. ஃபாதர் வந்து என்னைத் தோளோடு அணைத்து இறக்குகிறார். செல்போனில் எடுத்த படத்தை எவ்வளவு தூரம் நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று தொட்டியைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவன் பாடிக்கொண்டிருந்தான், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை வானதி பாட்டுப் புத்தகங்களை அடுக்க அலமாரியைத் திறந்து சட்டையைப் பார்த்திருக்கிறாள். பொன்னுத்தாயைக் கூப்பிட்டு, இது யாருடையது என்று கேட்டிருக்கிறாள். பிறகு நடந்ததை நீங்களே விசாரித்துவிட்டீர்கள். ஜெனரேட்டரைத் தள்ளியது ஃபாதர், தாழ்ப்பாளை நீக்கியது பொன்னுத்தாய். நான் கோவில் படியில்தான் உட்கார்ந்திருந்தேன், ஓடவில்லை. அவள் என்னிடம் வந்து நின்று கேட்டது ஒரே கேள்வி. "ஏழு நாளு எனக்கு எல போட்டியேண்ணே." அது கேள்விகூட இல்லை.

ஆக, ஏணியை எடுத்தது நான். மூடியது நான். தாழிட்டது நான். தண்ணீர் கேட்டும் கொடுக்காதது நான். தமிழ்மாறனைக் கொன்றது நான் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு ஆட்சேபம். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அவன் செவ்வாய்க்கிழமை இரவுக்குள் இறந்துவிட்டான் என்று இருக்கிறதாம். அதைத் திருத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவன் மூன்று சரணமும் முழுக்கப் பாடினான். மேடையில் முப்பத்தொன்பது பேர் பாடியதாகச் சொல்கிறார்கள். எனக்கு அவன் ஒருவன் பாடியதுதான் கேட்டது.