அத்திக்குக் குளுரும்

– கைய எடு தாமர! சொன்னா கேளு... அத்தத் தொடாத.

– இன்னாய்யா இப்படிக் கத்துற? பழந்தானே... பாம்பா?

– பாம்பா இருந்தா அடிச்சிட்டுப் போய்டலாமே.

– காம்பு தொவண்டு தொங்குது பாரு. அடியில தேன் மாதிரி ஒரு சொட்டு எட்டிப் பாக்குது. நாளைக்கு வுட்டா எறும்புதான் துன்னும்.

– துன்னட்டும். எறும்புக்கு ஒண்ணும் ஆவாது.

– எனக்கு இன்னா ஆவும்?

– வேணாம்னா வேணாம், வுடேன்.

– சொல்லுய்யா சின்னராசு. குச்சியா இத்தக் கொண்டாந்தது யாரு? நீதானே?

– நாந்தான். காவலூருல நட்சத்திரம் பாக்குற எடத்துல தோட்ட வேலைக்கு இருந்தப்ப அந்த வடக்கத்தி சாரு குடுத்தாரு. "எங்கூருல பனிக்கட்டியே வுழும்பா, அங்கியே நிக்கிற சீமை அத்தி இது. ஒங்க மலைக் குளுரு இதுக்குச் சுண்டக்காய்"ன்னாரு.

– சுண்டக்காய்! மொத மார்கழியிலயே கொழுந்து பூரா கருகிப் போச்சி.

– சின்னதுல தாங்காதாம். தண்டு முத்துனாத்தான் தாங்குமாம். அத்த அப்புறமாத்தானே சொன்னாரு...

– நல்ல சாரு.

– அதுக்குத்தான் அடுத்த மார்கழிக்கு நீ வேர்ல சாமை வைக்கோலு பரப்பி, ஒம் பழைய மஞ்சச் சேலைய அதும்மேல சுத்துன. அங்க ஆரம்பிச்சிது பேஜாரு.

– சேல கட்டுனது ஒரு குத்தமா?

– பனியில தூரத்துலேர்ந்து பாத்தா பொம்பள நிக்கிற மாதிரியே கீது! வெறகுக்குப் போன குப்பம்மா அம்மன்னு நெனச்சிக் கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்து ஊரு பூரா சொன்னாளே.

– மறுநாளு குங்குமம். அதுக்கு மறுநாளு வெளக்கு. நம்ம மரத்துக்கு நாம தண்ணி ஊத்த, வரிசையில நிக்க வேண்டியதாப் போச்சி.

– சிரிக்காத. அந்த அம்மன் இல்லேன்னா எங்கண்ணன் என்னிக்கோ வெட்டிச் சாச்சிருப்பாரு. களம் போட அவருக்கு இந்த எடந்தானே வேணும்.

– ஆனா இப்ப பாரு, செவ்வாக்கெழமையானா தேங்காயோட வந்து நிக்கிறாரு.

– பக்திதான்...

– ஒடச்சி, ரெண்டு மூடியையும் வூட்டுக்கே எடுத்துகினு பூடுறாரே, அந்தப் பக்தியா?

– வுடு. அவரு கொணம் அப்படி... தாமர, நான் ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது.

– கோச்சிக்கிறதா வேணாமான்னு கேட்டுட்டுச் சொல்றேன். ஜல்தி சொல்லு.

– அந்த மொத குங்குமம்... குப்பம்மா வச்சதில்ல.

– ஓ.

– நாந்தான் வச்சேன். விடியக்காலம், யாரும் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி. மொத நாளு அண்ணன் கோடாலிக்குச் சாணை புடிச்சிகினு இருந்தாரு. எதுத்துப் பேச எனக்கு வாய் வராது, ஒனக்கே தெரியும். நீ கொழந்த மாதிரி வளத்துட்ட... அத்த வெட்டுறதப் பாக்க எனக்கு மனசு ஒப்பல தாமர.

– ம்.

– இன்னா 'ம்'? கோவமா?

– என் குங்கும டப்பாவ பாதி காலி பண்ணிட்டு, செவந்த வெரலோட வந்து கூழு குடிச்ச. எனக்கு அப்பவே தெரியும்.

– அய்ய... ஏன் கேக்கல?

– கேட்டா நீ பொய் சொல்லணும். ஒனக்கு அது வராது. பாவமா இருந்துச்சி.

– நான் வச்சது பொய்யிதான். ஆனா அம்மன் நெசமாவே வந்துட்டாளே! குங்குமத்தையும் பாக்காம அண்ணன் கோடாலியத் தூக்கினு வந்தப்ப... ஆடுன பாரு நீ! தல அவுந்து, கண்ணு செவந்து... "டேய் கோபால்சாமி"ன்னு பேரச் சொல்லி! புருசனோட அண்ணன் பேர எந்தப் பொம்பள சொல்லுவா? நானே கீழ வுழுந்து கும்பிட்டுட்டேன்.

– எனக்கு ஒண்ணும் நெனவில்லப்பா.

– எப்படி இருக்கும்? சாமி ஏறினா நெனவு ஏது? அதுலேர்ந்து ஒன்ன ஒரு வார்த்த அதட்ட எனக்கு பயம்.

– அதான் நான் கேக்காமயே தண்ணி மொண்டாந்து வைக்கிறியா? நல்லாத்தான் இருந்துச்சி.

– வெளையாடாத. நான் அவள வச்சி ஏமாத்துனவன். அவ மரத்துப் பழத்த நாமளே துன்னா சும்மா வுடுவாளா? எனக்கு வந்தா வரட்டும்... ஒனக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?

– அதான் காய் புடிச்சதுலேர்ந்து மொகம் செத்துக் கெடந்தியா?

– அதான்.

– அட என் ராசா... சரி. வாயத் தொற.

– மாட்டேன்!

– அப்ப நான்... ம்ம்ம்...

– தாமர! துப்பு! துப்புடி!

– வெல்லம்யா! உள்ள பாரு, செக்கச்செவேல்னு. "அத்திப் பழத்தப் புட்டுப் பாத்தா அத்தனையும் புழு"ன்னு ஒப்பிச்சிகினு இருந்தியே... ஒண்ணாச்சும் கீதா? இந்தா, ஒன் பாதி.

– அம்மன் கோச்சிக்க மாட்டாளா?

– ஏய்யா, அன்னிக்கு அம்மன் உங்கண்ணங்கிட்ட இன்னா கேட்டுச்சி?

– "வெட்டவா வந்த? நான் குளுருல நடுங்கறேன், கம்பளி கொண்டாடா"ன்னா. அண்ணனும் மறுநாளே ஆலங்காயம் போய் புதுக் கம்பளி வாங்கியாந்து, அவரு கையாலயே சுத்துனாரு. அப்புறம் ஒரு கொழுந்து கருகலியே.

– அம்மன் பூ கேக்கும், பொங்கல் கேக்கும், பட்டுச் சேல கேக்கும். கம்பளி கேட்ட அம்மன எங்கனாச்சும் கேள்விப்பட்டிருக்கியா?

– இல்ல... தாமர... அப்ப...

– பின்ன இன்னாய்யா? பழஞ்சேலையில குளுரு நிக்கல. உங்கண்ணங்கிட்ட நான் நேரா கேட்டா குடுத்திருப்பாரா?