ஊசித்தட்டோடு எங்களைத் துரத்திய அக்காவுக்கு

முப்பத்தொரு ஆண்டுகள் புற்றுநோய்ப் பிரிவின் தாழ்வாரங்களில் நடந்து நடந்தே பாதம் தேய்ந்தவரே! குத்தியதே தெரியாமல் ஊசி போடும் கைக்குரியவரே! குருதியில் புற்று வந்து குலைந்து நின்ற குடும்பங்களைக் குரலாலேயே நிமிர்த்திய குணவதியே! தடுப்பூசி அறையைக் கட்டியாண்ட தலைமைச் செவிலியரே, எங்கள் அக்கா!

வணக்கம் சொல்லவும் வாய் கூசுகிறது. உங்கள் பணி ஓய்வுக்கான இந்த மடலை முன்பே ஒருமுறை எழுதிச் சட்டமும் போட்டு வைத்திருந்தோம். அதில் வாழ்த்து நிறைய இருந்தது. அதைக் கழற்றிவிட்டு இதை எழுதுகிறோம்.

ரத்தப் புற்று உள்ளவர் உடம்பில் தடுப்பூசி பல நேரம் பலிக்காது என்பதைப் படிக்காதவருக்கும் பதமாய்ப் புரியவைத்தவர் நீங்கள். எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளணுக்களில் பாதியை நோய் கெடுக்கும், மீதியை மருந்து துடைக்கும். அப்புறம் ஊசி சொல்லும் சேதியைக் கேட்டுக்கொள்ள உள்ளே ஆள் ஏது? ஆகவே நோயாளிக்குப் போட்ட கையோடு, கூட வந்த மனைவி, மகன், மருமகள் அத்தனை பேரையும் வரிசையாக உட்காரவைப்பீர்கள். "இது உங்களுக்கில்ல. உங்க வீட்ல இருக்கிறவருக்கு" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லிப் போடுவீர்கள்.

நாலாண்டுக்கு முன் அதே நோய் உங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. உங்கள் கணவர், கடிகாரம் பழுதுபார்க்கும் எங்கள் மாமாவுக்கு உங்கள் கையாலேயே இரண்டு ஊசி. ரத்தத்தைச் சோதித்தால் எதிர்ப்பாற்றல் பூஜ்யம். "இவ பேச்சே எனக்கு ஏறாது, ஊசியா ஏறப்போகுது?" என்று மாமா சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஆண்டுதோறும் பிரிவில் வேலை பார்க்கும் எங்கள் பதினொரு பேரையும் ஊசித்தட்டோடு துரத்தினீர்கள். ஏழு பேர் தோள் கொடுத்தோம், நாலு பேர் டிமிக்கி கொடுத்தோம். "எனக்கென்னக்கா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றவன் இதை எழுதும் நான்தான். மாமாவின் அறிக்கையை அச்சடித்துக் கொடுத்த ஆய்வுக்கூடக்காரனும் நானே.

இன்று நடப்பதாக இருந்த ஓய்வு விழாவில் உங்களுக்குத் தெரியாமல் மாமாவை மேடையேற்ற ஆசைப்பட்டோம். மடலில் ஒட்டப் படம் வேண்டுமே! அவரை ஊழியர் உணவறைக்கு அழைத்துவந்து, சத்தம் உங்கள் காதில் விழுந்துவிடக் கூடாதென்று கதவையும் சன்னலையும் சாத்தினோம். முக்கால் மணி நேரம் ஒரே கும்மாளம். முகக்கவசத்தைக் கழற்ற மாமா தயங்கினார். "படத்துல மூஞ்சி தெரிய வேணாமா மாமா? அதான் ரெண்டு ஊசி போட்டாச்சே!" என்றேன். அதைச் சொன்ன வாயாலேயே இரண்டு முறை இருமினேன். பூஜ்யம் என்று அச்சடித்தவனுக்கு அந்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை. நாலாம் நாள் மாமாவுக்குக் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள், நம் பிரிவிலேயே, நீங்கள் விரித்த படுக்கையிலேயே மூச்சு அடங்கிவிட்டது.

விழா நின்றுபோனது. நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க என்று முடிப்பதுதான் மடலுக்கு அழகு. உங்களைத் தனிமரமாக்கியவர்கள் எந்த வாயால் அதைச் சொல்வோம்? அந்தப் படம் என்னிடம்தான் இருக்கிறது, அதில் மாமா நன்றாகச் சிரிக்கிறார். நானாக நீட்டத் துணிவில்லை.

நேற்று ஓய்வுக் கையெழுத்திட வந்தீர்கள். எங்களைத் திட்டித் தீர்த்திருக்கலாம். தட்டை எடுத்துக்கொண்டு வந்து, தப்பித்துத் திரிந்த நாலு பேரையும் உட்காரச் சொன்னீர்கள். கடைசியாக என் முறை. சட்டைக் கையை மடித்தேன். "இது உனக்கில்லப்பா" என்றீர்கள். மீதி வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். நீங்கள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

இப்படிக்கு,
தோள் கொடுத்த எழுவர்,
கொடுக்காத நால்வர்.