இரண்டு மணிக்கொரு தரம் புரளும் பொம்மை

அவைக்குத் தலைமை தாங்கும் தலைமை மருத்துவர் அவர்களே! அறுபதைக் கடந்தும் அசராமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அதட்டியே ஆயிரம் காய்ச்சலை விரட்டிய தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட மதியூகிகளே! முப்பத்தைந்து ஆண்டுகள் இந்த மருத்துவமனையில் மருந்து கலக்கிய முன்னாள் கம்பவுண்டரின் வணக்கம்.

நம் மருத்துவ, செவிலிய வரலாற்று அருங்காட்சியகம் எவ்வளவு பெரியது? உள்ளே நின்று கொட்டாவி விட்டால் எதிர்ச்சுவர் தாடையில் இடிக்கும், அவ்வளவு பெரியது! அங்கே என்ன இல்லை? யானைக்கே காய்ச்சல் இறங்கிவிடும்படியான கண்ணாடி ஊசி இருக்கிறது. எனாமல் பேசின் இருக்கிறது. இரும்புக் கட்டில் இருக்கிறது. கட்டிலில், துணிக்கடை கைவிட்ட ஒற்றைக்கைப் பொம்மை ஒருவர் நோயாளியாகச் சேர்ந்திருக்கிறார்.

அவரைப் பற்றித்தான் வழக்கு.

அறையைப் பார்த்துக்கொள்பவர் ஓய்வுபெற்ற நம் பெரிய சிஸ்டர். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று மணி தவறாமல் அந்தப் பொம்மையை ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் புரட்டிப் படுக்கவைப்பார். முதுகைத் தடவிப் பார்ப்பார். சார்ட்டில் எழுதிக் கையெழுத்தும் போடுவார். சிரித்தோம். சிஸ்டருக்குப் புத்தி தடுமாறிவிட்டது, சாவியை வாங்கிவிடுங்கள் என்று தலைவருக்கு மனு எழுதினோம். முதல் கையெழுத்து யாருடையது? இதோ நிற்கும் இந்த மகானுடையது! அந்த மனு இப்போது தலைவர் கையில் இருக்கிறது. முடிவை இன்று சொல்லப்போகிறார்.

பின்வரிசையில் யாரோ சுருக்கச் சொல்கிறார். அரை டோஸ் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை, தம்பி.

மனு கொடுத்த மறுவாரம் ஒரு லாரி டிரைவர் மழைக்கு அந்த அறையில் ஒதுங்கினார். சிஸ்டர் பொம்மையைப் புரட்டுவதைப் பார்த்தார். மழை நின்றது, அவர் நகரவில்லை. அடுத்த தரம் புரட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வாய் திறந்தார். அவர் அப்பா பக்கவாதத்தில் நாலு மாதமாக மல்லாந்தே கிடக்கிறாராம். முதுகெல்லாம் புண்ணாம். அசைத்தால் வலிக்குமே என்று, பாசத்தாலேயே அசைக்காமல் வைத்திருந்தாராம்.

அங்கே நின்றிருந்த நான் களிம்பின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். சிஸ்டர் என்னை ஒதுக்கிவிட்டுக் கட்டிலைக் காட்டினார்.

“இந்தத் தாத்தாவைப் புரட்டுங்க தம்பி. இவருக்கு வலிக்காது. தப்பையெல்லாம் இங்கேயே பண்ணிட்டு வீட்டுக்குப் போங்க.”

எட்டுத் தரம் புரட்டினார் டிரைவர். பொம்மைக்கு மிச்சமிருந்த ஒரு கையும் கழன்று வந்தது! சிஸ்டர் அதை மாட்டிவிட்டு, மறுபடி என்றார். புண்ணுக்கு மருந்து கட்ட வார்டு நர்ஸ் ஒருவரையும் கையோடு அனுப்பிவைத்தார்.

போன வாரம் டிரைவர் திரும்பி வந்தார். பொம்மையின் சார்ட்டை எடுத்து, சிஸ்டர் எழுதிய வரிக்குக் கீழே எழுதினார்: ‘அப்பா. வலப்பக்கம். புண் ஆறிக்கிட்டு வருது.’

இதை முன்னமே சொல்லக்கூடாதா சிஸ்டர் என்று கேட்டேன்.

“நீங்க சிரிச்சீங்க, கம்பவுண்டர். கேக்கலையே.”

அன்பர்களே! ஊசியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம். பேசினை வைக்கலாம். இரண்டு மணிக்கொரு தரம் தானாக எழுந்து நடக்கும் கால்களை எந்தப் பெட்டிக்குள் வைப்பீர்கள்? என் கையெழுத்தை இந்த மேடையிலேயே வாபஸ் வாங்குகிறேன். தலைவர் அவர்களே, அந்தச் சாவி...

மணி நாலா? சிஸ்டர் எழுந்துவிட்டார். என் பேச்சு பிரளயத்தையே நிறுத்திவைக்கும், இவரை நிறுத்தாது. அடடே, தலைவரும் பின்னாலேயே இறங்குகிறாரே! ஐயா, மனுவை மேசையில் போட்டுவிட்டுப் போங்கள், பொம்மையைப் புரட்ட இரண்டு கையும் வேண்டும். தோளைப் பிடியுங்கள், கையைப் பிடித்தால் கழன்றுவிடும்.

இவ்வளவு நேரம் புரளாமல் உட்கார்ந்திருந்த உங்களுக்கு நன்றி. எல்லோரும் ஒருதரம் பக்கம் மாறி உட்காருங்கள். வணக்கம்.