ஆறு கழித்தவன்

மனித குலத்தின் பார்வையைக் காப்பாற்றுவது டாக்டர்களின் கத்தி அல்ல, என்னைப் போன்றவர்கள் எடுக்கும் அளவுதான். விசாரணை அதிகாரியான உங்களுக்கு முதலில் இது புரிய வேண்டும். என் வேலை, நோயாளியின் கண்ணில் புஸ்ஸென்று காற்றை ஊதும் கருவியின் பொத்தானை அழுத்துவது.

ஊதியதும் கருவி ஓர் எண்ணைக் காட்டும். அதுதான் கண்ணின் அழுத்தம். இருபத்தொன்றைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அழுத்தம் சத்தமில்லாமல் நரம்பைத் தின்றுவிடும். வலிக்காது.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள்தான் தொல்லை. சாஃப்ட் லென்ஸின் மேல் ஊதினால் எண் கூடுதலாக வரலாம் என்பதால் அதைக் கழற்றச் சொல்ல வேண்டும். உடனே கை கழுவப் போவார்கள், முகம் பார்க்கும் கண்ணாடி கேட்பார்கள். ஒருவர் லென்ஸைத் தரையில் தவறவிட்டு, அறையிலிருந்த அத்தனை பேரையும் ஒற்றைக் காலில் நிற்கவைத்தார். வெளியே பெஞ்சில் நாற்பது பேர் முணுமுணுப்பார்கள். எனவே நான் ஒரு விதி கண்டுபிடித்தேன். லென்ஸோடு ஊது, வருகிற எண்ணில் ஆறைக் கழி.

பெரிய டாக்டர் பூரித்துப்போனார். மாநாட்டில் கோட்டு மாட்டிக்கொண்டு அதைத் தன் ஆராய்ச்சி என்று முழங்கினார். அவருக்குக் கேடயம். எனக்கு ஜிப் வேலை செய்யாத மாநாட்டுப் பை. இதற்கெல்லாம் நான் கோபப்படுகிற ஆளில்லை.

பிறகு அந்த பஸ் டிரைவரம்மா வந்தார்.

"அண்ணே, லென்ஸோடவா ஊதுறீங்க? கழட்டிட்டுத்தான் அளக்கணும்னு இந்த மெஷின்லயே ஒட்டியிருக்கே."

"நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கீங்களா?"

"இல்லண்ணே, பஸ்தான் ஓட்டுறேன். ஆனா போர்டு படிக்கத் தெரியும்."

பெஞ்சே சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த பெரிய டாக்டர், விஷயம் என்னவென்று கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, இந்த அடிப்படைகூடத் தெரியாமயா இத்தன வருஷம் குப்பை கொட்டுன?" என்றார். அந்த விதியைக் காதால்கூடக் கேட்டிராதவர் போல அவ்வளவு இயல்பாக இருந்தது அவர் முகம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். விதியை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தம்மா வெறுங்கண்ணோடுதான் வந்தார். லென்ஸ் டப்பி கையில் இருக்கும். "காலையிலயே கழட்டிட்டேன்ணே. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்பார்.

கருவி இருபத்துநான்கு காட்டியது. பதினெட்டு என்று எழுதினேன். அவருடைய கோப்பில் 'லென்ஸ் அணிபவர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. லென்ஸ் அணிபவருக்கு ஆறு கழிக்க வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில் லென்ஸ் கண்ணில் இருக்கிறதா, டப்பியில் இருக்கிறதா என்று விதி கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு நியாயம் என்று போனால் ஆஸ்பத்திரி நடத்த முடியாது. அடுத்த முறை கருவியில் இருபத்தாறு; இருபது என்று எழுதினேன். அதற்கடுத்து இருபத்தேழு, இருபத்தொன்று. நான்காம் முறை கருவி இருபத்தொன்பது காட்டியது. ஆறு போனாலும் இருபத்துமூன்று நிற்கிறது. அன்று எட்டு கழித்தேன்.

பெரிய டாக்டர் நான்கு முறையும் நிமிராமல் 'நார்மல்' என்று கையெழுத்துப் போட்டார். அவரையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.

போன மாதம் அந்தம்மா பஸ்ஸைப் பணிமனைக்குள் திருப்பும்போது இடதுபுறத் தூணில் தேய்த்துவிட்டார். தூண் அங்கே இருப்பதே தெரியவில்லையாம். வேறொரு ஆஸ்பத்திரியில் பார்த்ததில் இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, வலது கண்ணில் பாதி போயிருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். பழைய அளவுகளின் நகல் கேட்டு என்னிடம்தான் வந்தார்.

"எல்லா அளவும் சரியாத்தானேண்ணே இருந்துச்சு?"

"சரியாத்தாம்மா இருந்துச்சு."

"அப்ப என் நேரம். நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

என்னைப் பாவம் என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டு, அதனிடமும் "மன்னிச்சுக்கங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். லென்ஸைக் கழற்றிவிட்டதாக அவர் சொன்னது நான்கு முறையும் காதில் விழுந்தது. எண் நிஜம் என்று தெரிந்தேதான் கழித்தேன். என்ன நடக்கும் என்பதும் தெரியும். பதினேழு வருடமாக நோயாளிகளுக்கு அதை விளக்கிச் சொல்கிறவனே நான்தான். ஆனால் கோபத்தில் செய்யவில்லை என்பதை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது வருடமாக லென்ஸ் அணிந்த அத்தனை பேருக்கும் கழித்தீர்களே, ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். கண்ணாடி போட்டால் அசல் என் அப்பா மாதிரியே இருக்கிறேன் என்று மனைவி சொன்னதால் நானும் லென்ஸ் போடுகிறவன். என் வலது கண்ணில்தான் அளந்தேன், ஒரே ஒரு தடவை. லென்ஸோடு இருபத்தொன்று, கழற்றியபின் பதினைந்து. அன்று லென்ஸைத் தவறுதலாக உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தேன்.