உணவகத்தின் பின்னால் இருந்த நீலப் பீப்பாய் பற்றி

என் பெயர் ஆப்ரின். கணவர் பெயர் ஜுனைத். எனக்கு வயது 38. ஜொகூர், பண்டார் தெங்காராவில் உணவகம் நடத்தி, அதன் மாடியில் வசிக்கிறேன். நான் தமிழில் சொல்வதைப் போலீஸ் சார்ஜன் தங்கராஜு எழுதுகிறார்.

செம்பனை எண்ணெய் ஆலைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் வழக்கம். அங்கே கழிவுநீர்க் குளத்தை மூடியிருந்த கருப்பு விரிப்பு பலூன்போல் உப்பியிருந்ததைப் பார்த்து விசாரித்தேன். கழிவு அழுகி வாயு வருகிறது, அதை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்று காவலாளி சொன்னார். அதன் பிறகு, எங்கள் கடையில் மிஞ்சும் சோற்றிலிருந்தும் வாயு வருமா என்ற நினைப்பு என்னை விடவில்லை. கணவரிடம் கேட்டதற்கு, "அலமாக்! பழைய சோத்துல கேஸா?" என்று சிரித்தார்.

அதன் பிறகு கடைக்குப் பின்னால் ஒரு நீலப் பீப்பாயில் மாட்டுச் சாணத்தையும் மிஞ்சிய சோற்றையும் தண்ணீரில் கரைத்து ஊற்றி, மூடியை இறுக்கி, வால்வு வைத்த குழாய் வழியாக லாரி டயர் டியூபில் இணைத்தேன். சில நாட்களில் டியூப் உப்பியது. வால்வைத் திறந்து தீக்குச்சியை நீட்டினேன், வாயு எரியவில்லை, குச்சிதான் அணைந்தது. அந்த வாயுவை வெளியேற்றிவிட்டுக் காத்திருந்தேன். சில வாரங்களுக்குப் பிறகு மறுபடி நீட்டியபோது, வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியவில்லை. கையை அருகில் கொண்டுபோனதும் சுட்டது. அதில் தேநீர் போட்டுக் கணவருக்குக் கொடுத்தேன். குடித்தார், சிரிக்கவில்லை.

நேற்று பின்வீட்டு கனகசபை நாற்றம் தாங்காமல் எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, வெடிக்கிற சாமானா?" என்று கேட்டார். "இல்ல அங்கிள், சோறுதான் லா" என்றேன். அவர் நம்பாமல் போலீசை அழைத்துவிட்டார். போலீசார் வந்து தெருவை மறித்து, கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை வெளியேற்றினார்கள். பீப்பாயைத் தொடவிடாமல் நின்ற என் கணவரையும் பிடித்துச் சென்றார்கள். அவருக்கு இதில் பங்கில்லை. செய்தது நான் ஒருத்திதான்.

பீப்பாயும் டியூபும் இந்தப் போலீஸ் நிலையத்துப் பொருள் அறையில் பூட்டியிருப்பதாக அறிகிறேன். உள்ளே இருப்பது இன்னும் அழுகிக்கொண்டிருப்பதால் வாயு நிற்காது. அறைக்குள் நெருப்பு எதுவும் கொண்டுபோகாமல், பீப்பாயை வெளியே எடுத்து வால்வைத் திறக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் சார்ஜன் எழுதுவதை நிறுத்தி, எழுந்து போய்ப் பார்த்து வந்தார். "ஆமாம்மா, டியூப் உப்பி அலமாரிய முட்டிக்கிட்டு நிக்குது. வால்வ எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கேட்டார். சொன்னேன். வாசலுக்குத் தூக்கிச் சென்று திறந்தார்கள். சார்ஜன் திரும்பி வந்து, என் கணவரை விட்டுவிட்டதாகச் சொல்லி, அந்தத் தேநீர் எப்படி இருந்தது என்று கேட்டார். தேநீர் தேநீராகத்தான் இருந்தது என்றேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது அப்படியே உள்ளது; கூட்டியும் குறைத்தும் எதுவும் இல்லை.

(ஒப்பம்)
ஆப்ரின்