ஜன்னலோரக் கீழ்க் கட்டில்

தனியாகப் படகேறப் போகிறவர்கள் எப்போதும் கீழ்க் கட்டிலைத்தான் கேட்பார்கள். நாளை முதல் கரடி உலவும் காட்டில் பாறைமேல் படுக்கப்போகிற ஆள், இன்றைக்கு நாலு படி ஏணி ஏற யோசிப்பார். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த விஷயம் அது.

எங்கள் விடுதியை நீங்களே பார்த்தீர்கள். கனடா எல்லையோர ஏரிகளுக்குள் நுழையுமுன் கடைசிக் கூரை. ஒரு மரக்கொட்டகை, அடுக்குக் கட்டில்கள், வெளியே நீராவி அறை. வருகிறவர் காரை இங்கே விட்டு, எங்கள் கனோப் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். கார் சாவியைக் கதவருகே ஆணியில் மாட்டி, திரும்பும் நாளைச் சொல்வார். நாள் கடந்தும் சாவி தொங்கினால் நாங்கள் தேடிப் போகவேண்டும். உள்ளே செல்போன் எடுக்காது. அந்தச் சாவிதான் எல்லாம்.

இன்னொரு வழக்கம். ஏரியில் எதிர்ப்படுகிறவருக்குக் கையசைப்போம், அதோடு சரி. ஒருவர் இறங்கியிருக்கும் இடத்தில் இன்னொருவர் படகை ஒதுக்கமாட்டார். தனிமை தேடி வந்தவரை அவர் பாட்டுக்கு விடுவதுதான் இங்கே மரியாதை.

போன செப்டம்பரில் வென்டல் க்ரூஸ் சொன்ன நாளில் திரும்பவில்லை. நான் சாமான் வாங்க நகரத்துக்குப் போயிருந்தேன். என் மனைவி கைசா ஆணியைப் பார்த்தாள், படகை எடுத்தாள். காற்று பலமாக இருந்தது. நாங்கள் எல்லோரும் ஏரியில் அவளைத் தேடிக்கொண்டிருந்தபோது க்ரூஸ் வேறொரு கரையில் இறங்கி நடந்து வந்திருக்கிறார். கொட்டகையில் ஆளில்லை. சாவியை எடுத்துக்கொண்டு தன் ஊரான அயோவாவுக்குப் போய்விட்டார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் மூழ்கி இறந்தது விபத்து என்று உங்கள் போலீஸ் அலுவலகம் முடித்தது. எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

இந்த ஆகஸ்டில் போன் அடித்தது. க்ரூஸ்தான்.

"ஒரே ஆளுதாம்ப்பா. ஜன்னலோரம் கீழ்க் கட்டில் கெடைக்குமா?"

"கெடைக்கும் சார்."

"மேல யாரையும் போட்டுடாத. போன தடவை ஒருத்தன் விட்ட கொறட்டையில கட்டிலே நகந்துபோச்சு."

சிரித்தேன். கட்டிலை அவர் பெயருக்கு ஒதுக்கினேன். காலியாக இருக்கும் கட்டிலை இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை.

அக்டோபர் கடைசியில் வந்தார். வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு எங்க? புளூபெர்ரி போட்டு பான்கேக் சுடுவாளே?"

"இல்ல சார்."

"அம்மா வீட்டுக்குப் போயிட்டாளா? குடுத்துவெச்சவன்டா நீ. கொஞ்ச நாள் நிம்மதியா இரு."

காலையில் பான்கேக்கை நானே சுட்டேன். கருகிவிட்டது. குறை சொல்லாமல் தின்றார். நல்ல மனிதர். சாவியை மாட்டும்போது சொன்னார்:

"சொன்ன நாளுக்கு வரலேன்னா பதறாத. மீனு கடிச்சா இருந்துடுவேன். போன வருஷமும் அப்படித்தான், கூட ரெண்டு நாள் இருந்தேன். ஒரு பய தேடல. அதனாலதாம்ப்பா இந்த எடமே எனக்குப் புடிக்குது."

"பதறமாட்டேன் சார்," என்றேன்.

நாள் கடந்தது. மேல்கட்டிலில் தங்க வந்த ஒரு பள்ளி ஆசிரியை சாவியைக் காட்டிக் கேட்டார்: "இந்த ஆளு இன்னும் வரலியா? யாராவது போய்ப் பாக்க வேணாமா?"

"அது என் பழைய சாவி மேடம்," என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கண்ணில் பட்டால்தானே மனிதர்கள் பதறுகிறார்கள்.

மறுநாள் ஏரிக்குப் போனேன். அவரைத் தேடி அல்ல, எங்கள் கனோவுக்காக. அது நாணலுக்குள் ஒதுங்கிக் கிடந்தது. உறங்குபையும் சாப்பாட்டுப் பையும் உள்ளேயே இருந்தன. சாமானை இறக்குவதற்குள் பாறையில் வழுக்கியிருப்பார் போலிருக்கிறது. பக்கத்துத் தீவைச் சுற்றியதும் அவரைப் பார்த்தேன். ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தூக்கி அசைத்தார்.

"தம்பி! கால் ஒடஞ்சுபோச்சுடா! இங்க வா!"

காற்று அவர் பக்கமிருந்து வீசியதால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

நான் கையசைத்தேன். காலிக் கனோவை என் படகின் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பினேன். பைகளை நனையாமல் கொட்டகையில் வைத்தேன். நீங்கள் கண்டெடுத்தவை அவைதான். ஜன்னலோரக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபம் உள்ளவன் திரும்பிப் பார்க்காமல் இருந்திருப்பான். நான் தினமும் போனேன். தண்ணீர் உறையத் தொடங்கிய பிறகும் போனேன். கரையோரம் மெல்லிய பனித்தகடு. துடுப்பு பட்டதும் கண்ணாடிபோல் நொறுங்கும். ஒவ்வொரு நாளும் அவர் கையசைத்தார், நானும் அசைத்தேன். பேச்சில் வராத ஒரு பழக்கம் எங்களுக்குள் உண்டாகியிருந்தது.

கடைசி நாள் நான்தான் முதலில் கையசைத்தேன். அவர் அசைக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவ்வளவு தூரம் துடுப்புப் போட்டு வந்தவனுக்கு ஒரு கை தூக்கக்கூடவா முடியவில்லை என்று, உண்மையைச் சொன்னால், எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.