நான் புதைக்கச் சொன்ன பன்னிரண்டு கோழிகள்

அவையை அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் பெருமகனாரே! நோய் பரவிய நாள்களில் ஊண் மறந்து உறக்கம் மறந்து ஓடித் திரிந்த கால்நடை மருத்துவரே! வளர்த்த கையாலேயே வாரிக் கொடுத்துவிட்டு வெறுங்கொட்டகையைப் பார்த்தபடி வாழும் பண்ணைக்காரப் பெரியோர்களே! தீவனத் தட்டு நிரப்பித் தேய்ந்த கைகளுக்குரிய தாய்மார்களே! உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

நாளை நம் கொட்டகைகளில் மீண்டும் குஞ்சு விடப் போகிறோம். வாழ்த்திப் பேசு என்று சங்கச் செயலாளனாகிய என்னை மேடை ஏற்றினீர்கள். வாழ்த்த வாய் வரவில்லையே! வழக்குரைக்க வந்திருக்கிறேன், குற்றவாளி நானே.

கை தட்டாதீர்கள் ஐயா. முழுதும் கேளுங்கள், அப்புறமும் தட்டத் தோன்றினால் தட்டுங்கள்.

என் பண்ணைக்கு அடுத்த பண்ணை, நீங்களெல்லாம் ‘முட்டைக்கார அக்கா’ என்று அழைப்பவருடையது. கணவர் போன பிறகு ஐயாயிரம் கோழிகளை ஒற்றை ஆளாய்க் கட்டிக் காத்தவர். ஒருநாள் காலை மூச்சிரைக்க என் வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, ஒரே வரிசையில நாப்பது கோழி சாஞ்சு கிடக்குது. கொண்டையெல்லாம் நீலம் பாஞ்சிருக்கு.”

“வெயில் தாங்கலைன்னு சொல்லிப் புதைச்சிடும்மா. வெளியில தெரிஞ்சா சுத்துவட்டாரத்துல ஒரு கொட்டகை மிஞ்சாது.”

“வெயில்ல செத்தா கொண்டை நீலமாகுமா? எங்கிட்ட முட்டை பொறுக்குற பொண்ணு மாசமா இருக்கா அண்ணே. நான் எப்படி வாயை மூடிக்கிட்டு இருக்கிறது?”

அன்றே மருத்துவருக்குச் சொல்லிவிட்டார். சில நாளில் முடிவு வந்தது: பறவைக்காய்ச்சல். வெள்ளை உடுப்பும் முகமூடியுமாய் ஆட்கள் வந்தார்கள். முதலில் அவருடைய கோழிகள். பிறகு ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இருந்த அத்தனையும். நோயுற்றதும் போயிற்று, நோயற்றதும் போயிற்று! இட்ட முட்டையின் சூடு ஆறுமுன், இட்ட கோழி குழிக்குள் கிடந்தது. மேலே சுண்ணாம்பு, அதற்கு மேலே மண். அன்று மாலை என் கொட்டகையில் தண்ணீர்க் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. இத்தனை ஆண்டுக் கோழிச் சத்தத்தில் அது என் காதில் விழுந்ததே இல்லை.

நான் என்ன செய்தேன்? நேரே போய் அந்த அம்மாவின் வாசலில் நின்று கத்தினேன். “என் கோழி ஒண்ணு தும்முச்சா? ஒண்ணு சுணங்குச்சா? ஊர்க் குடியைக் கெடுத்துட்டியே!” சங்கப் பட்டியலில் அவர் பெயரை அடித்ததும் இந்தக் கைதான்.

சொன்னது உண்மையா? பொய்! அவர் என்னிடம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே என் பண்ணையில் பன்னிரண்டு கோழிகள் செத்துக் கிடந்தன. தம்பியைக் கூப்பிட்டேன். “யாருக்கும் தெரியாம பின்னால புதைச்சிடுடா” என்றேன். கையில் உறை இல்லை, முகத்தில் துணி இல்லை. என் பேச்சைத் தட்டி அறியாதவன், புதைத்துவிட்டு வந்தான்.

நாலாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அக்காவின் கோழிகளுக்குச் சோதனை முடிவு வராத நேரம். மருத்துவமனையில் கேட்டார்கள்: “கோழிப் பண்ணைன்னு சொல்றீங்க. செத்த கோழி எதையாவது தொட்டாரா?”

“இல்லீங்க. எங்க பண்ணையில ஒண்ணுகூடச் சாகலை.”

படுக்கையில் கிடந்த தம்பி என் முகத்தைப் பார்த்தான். அண்ணனைப் பொய்யனாக்க மனம் வராமல் கண்ணை மூடிக்கொண்டான்.

சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார்கள். நான் அந்த அம்மாவின் வாசலில் கத்திய நேரத்தில், அவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். பிறகு அவனையும் சோதித்து, முடிவு தெரிந்து மருந்தை மாற்றினார்கள், காலம் கடந்திருந்தது. காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள் போய்விட்டான்.

முட்டை பொறுக்கும் அந்தப் பெண்ணுக்கும் காய்ச்சல் வந்தது. அக்கா உண்மையைச் சொல்லியிருந்ததால் முதல் நாளே சரியான மருந்து கிடைத்தது. பிழைத்தாள், பிள்ளையும் பெற்றாள்.

யாரது, ‘விதி அண்ணே’ என்பது? விதி இல்லை தம்பி. என் வாய்!

இன்று காலைதான் தம்பியின் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

“எங்கிட்ட சொன்னதை அங்கயும் சொல்லுங்க மாமா. இன்னொருத்தி புருஷனை இப்படிக் குழி வெட்ட அனுப்பிடாதீங்க.”

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

தோழர்களே! ஒரு கோழி தலை சாய்ந்தாலும் சொல்லுங்கள்! ஒரு கொண்டை கறுத்தாலும் சொல்லுங்கள்! கொட்டகையே காலியாகும் என்றாலும் சொல்லுங்கள்! காலியான கொட்டகை நாளை நிரம்பும். காலியான கட்டில் நிரம்புமா?

கதவோரம் நிற்கும் தாயே, உங்கள் பெயரை அடித்த கை உங்களைக் கும்பிடுகிறது. செயலாளர் பொறுப்பை இப்போதே இறக்கி வைக்கிறேன். பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கு நன்றி; பேசவைத்தவளுக்கு நன்றி. என் தம்பிக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் எந்த மேடையில் ஏறிச் சொல்வேன்?

வணக்கம்.